ஹந்தானைப் பள்ளிக்கூடமும் போதகர் சொன்ன பொய்யும்

சென்ற மாதம் எங்கள் பள்ளிக்கூடத்தின் ஆண்டு விழாவுக்கு என்னையும் அழைத்து முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். இளைப்பாறிய ஆசிரியை என்றால் ஒரு மாலையும் ஒரு பிளேன்டீயும் நிச்சயம். பேச வந்த இளம் ஆசிரியர் நல்ல பிள்ளைதான், ஆனால் ஒலிவாங்கியைக் கண்டால் தன்னை மறந்துவிடுவார். "எமது நிறுவனர் போதகர் அருள்தாசன் அவர்கள் தமது வாழ்நாளில் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை!" என்று அவர் முழங்கியபோது எனக்குப் புரையேறிவிட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் தண்ணீர் கொடுத்தார்கள்.

விழா முடிந்ததும் அவரே என்னிடம் வந்தார். பள்ளிக்கூட மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமாம், பழைய கதை தெரிந்த ஆள் நான் ஒருத்திதானாம். சரி என்றேன். போதகர் ஒரு பொய் சொன்னார், அப்போது நான் அவர் பக்கத்தில் நின்றேன். அதை எழுதாமல் விட்டால் அவரைச் சிலையாக்கி மாலை போட்டுவிடுவார்கள். உயிரோடு இருந்தபோதே அவருக்கு மாலை பிடிக்காது, பூவைப் பறித்து வீணாக்குகிறார்கள் என்பார்.

நான் கண்டிக்குப் பக்கத்தில் கட்டுகஸ்தோட்டைப் பெண். அப்பா நகரசபையில் கிளார்க். சாதாரண தரப் பரீட்சை முடித்து, தையலும் டைப்பிங்கும் பழகி, ஒன்றும் சரிவராமல் வீட்டில் இருந்த காலத்தில், ஹந்தானை மலையில் லுத்தரன் கோயிலில் பாலர் வகுப்புக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். எழுபதுகளின் நடுப்பகுதி அது. எங்கள் குடும்பம் வேறு சபை. அதைச் சொன்னபோது போதகர், "பரவாயில்லை டீச்சர், எல்லாச் சபைக்கும் அ, ஆ ஒண்ணுதானே" என்றார். வேலைக்கு எடுக்கும் முன்பே டீச்சர் என்று கூப்பிட்டுவிட்டதால் அதற்குமேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. ஆசிரியப் பயிற்சியைப் பிறகு விடுமுறைக் காலங்களில் கொஞ்சம் கொஞ்சமாக முடித்தேன். தொழிலைக் கற்றது அந்தக் கோயிலுக்குள்தான்.

கோயில் என்றவுடன் கோபுரத்தை நினைக்க வேண்டாம். தேயிலை மலைக்கும் கண்டிக்கு இறங்கும் ரோட்டுக்கும் நடுவே சபை வாங்கிய காணித்துண்டில் ஒரு பழைய பண்டகசாலை இருந்தது. அதை வெள்ளையடித்து, கூரையில் சிலுவையை நட்டிருந்தார்கள். கிழக்குச் சுவரில் பலிபீடம், மேற்குச் சுவரில் கரும்பலகை. நடுவில் கிடந்த வாங்குகளின் முதுகுப்பலகையை முன்னும் பின்னும் தள்ளலாம். இப்படித் தள்ளினால் பிள்ளைகள் கரும்பலகையைப் பார்த்து உட்காருவார்கள், அப்படித் தள்ளினால் பலிபீடத்தைப் பார்த்து. வெள்ளிக்கிழமை பின்னேரம் எல்லா வாங்குகளையும் கிழக்கே திருப்பிவிட்டுத்தான் பிள்ளைகள் தோட்டத்து லய வீடுகளுக்கு ஓடுவார்கள். திங்கள் காலை வந்ததும் மறுபடி மேற்கே திருப்புவார்கள். அந்தத் தடதடப்புத்தான் எங்களுக்குப் பள்ளி மணி.

போதகர் அருள்தாசன் நுவரெலியாப் பக்கத்தில் கொழுந்து பறித்த ஒரு தாயின் மகன். இந்தியாவில் வேதசாஸ்திரம் படித்துவிட்டுத் திரும்பியவர். ஒல்லியான உயரமான மனிதர். எப்போதும் வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டைதான், அங்கி ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும். எதைக் கேட்டாலும் உடனே பதில் சொல்லமாட்டார். கேள்வியை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, அளந்துதான் பதில் சொல்வார். போதகரம்மா குழம்பு எப்படி என்று கேட்டால், "உப்பு இல்லை" என்பார். நாங்கள் மேசையில் இருந்தாலும் அதையேதான் சொல்வார். அந்த அம்மா அவரோடு எப்படிக் காலம் தள்ளினாரோ என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

புதிதாகத் தனியார் பள்ளிக்கூடம் தொடங்க அன்றைக்குச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. பாலர் வகுப்பு நடத்தலாம், அவ்வளவுதான். தோட்டத்து அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் ஒரே வாத்தியார். அவரும் மாதத்தில் பாதி நாள் ஊருக்குப் போய்விடுவார். ஆகவே எங்களிடம் பாலர் வகுப்புக்கு வந்த பிள்ளைகள் ஐந்து வயதானதும் போகாமல் அங்கேயே இருந்துகொண்டார்கள். அவர்களைத் துரத்தவும் மனம் வரவில்லை. அப்படித்தான் முதலாம் வகுப்பு உண்டானது, அப்படியே இரண்டும் மூன்றும் உண்டாகின. எங்கள் பள்ளிக்கூடத்தின் தோற்றம் இதுதான். மலரில் "தொலைநோக்கு" என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள்.

ஒருநாள் கல்விக் கந்தோரிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். யாழ்ப்பாணத்தவர், நல்ல மனிதர். வாசலில் நின்று உள்ளே பார்த்துவிட்டு, "போதகர், இது பள்ளிக்கூடமோ?" என்று கேட்டார்.

இல்லை, கோயிலின் பாலர் வகுப்பு என்று சொல்லியிருந்தால் அவர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போயிருப்பார். போதகர் யோசித்தார். "பாலர் வகுப்பாத்தான் ஆரம்பிச்சோம் சேர். பிள்ளைகளுக்கு வயசு கூடிப்போச்சு. இப்ப பாத்தா பள்ளிக்கூடம் மாதிரித்தான் இருக்கு" என்றார்.

அதிகாரி சிரித்துவிட்டார். "நான் கேட்டது பிழை. நான் ஒண்டும் கேக்கேல்லை, நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை" என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு போதகர் பல வருடங்கள் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கி முறைப்படி அனுமதி வாங்கினார். ஒரு சின்னப் பொய் சொல்லியிருந்தால் இத்தனை செருப்புத் தேய்ந்திருக்காது என்று நான் சொன்னேன். அவர் தம் செருப்பைக் குனிந்து பார்த்தார், அவ்வளவுதான்.

கலவரங்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள், நான் சுருக்கமாகச் சொல்கிறேன். எழுபத்தேழில் கீழ்த் தோட்டங்களிலிருந்து ஓடி வந்த குடும்பங்கள் எங்கள் கோயிலில் தங்கின. வாங்குகளை இரண்டிரண்டாக முகம் பார்த்துச் சேர்த்தால் கட்டில் ஆகும் என்பதை அப்போதுதான் கண்டுகொண்டோம். எண்பத்து மூன்றில் கண்டி டவுனில் தமிழ்க் கடைகள் எரிந்த புகை மேலேயிருந்து தெரிந்தது. எங்கள் பக்கம் யாரும் வரவில்லை, ஏன் வரவில்லை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதன் பிறகு நிறையக் குடும்பங்கள் இந்தியாவுக்குப் போய்விட்டன. வரவு கூப்பிடும்போது பதில் வராத பெயர்களைத் தாண்டிப் போகப் பழகிக்கொண்டேன்.

ஆனால் பள்ளிக்கூடம் சிறுக்கவில்லை, பெருத்தது. பிள்ளைகளைத் தூரத்துப் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்பப் பயந்த டவுன்காரர்கள் எங்களைத் தேடி மலையேறி வந்தார்கள். கடை எரிந்த முதலாளியின் பிள்ளையும் லயத்துப் பிள்ளையும் ஒரே வாங்கில் இருந்தார்கள். போதகர் எல்லோருக்கும் தினமும் சிங்களம் சொல்லிக்கொடுத்தார். இவ்வளவு நடந்த பிறகும் சிங்களமா என்று ஒரு தகப்பன் சண்டைக்கு வந்தார். "நடந்ததுனாலதாங்க" என்றார் போதகர்.

நான் சொல்ல வந்தது எண்பதுகளின் கடைசியில் நடந்தது. அரசாங்கத்துக்கு எதிராகச் சிங்கள இளைஞர்கள் எழும்பிய காலம். வடக்கில் ஒரு யுத்தம் நடக்க, தெற்கிலும் மலைநாட்டிலும் இன்னொன்று நடந்தது. சுவர்களில் துண்டுப்பிரசுரங்கள் ஒட்டப்படும். கடையை மூடு, பஸ்ஸை நிறுத்து, பள்ளிக்கூடத்தை மூடு என்று அவற்றில் இருக்கும். மூடாவிட்டால் அவர்கள் வருவார்கள், மூடினால் ஏன் மூடினாய் என்று கேட்க ஆமிக்காரர்கள் வருவார்கள். மகாவலி ஆற்றில் பிணங்கள் போகின்றன என்று கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் பேசிக்கொள்வார்கள். நான் பாலத்தைக் கடக்கும்போது கீழே பார்ப்பதில்லை.

எங்கள் கோயில் கதவிலும் ஒருநாள் காலை பிரசுரம் ஒட்டியிருந்தது. பள்ளிக்கூடம் நின்றது. எங்கள் பயம் ஒரு பக்கம் இருக்க, அந்த ஓய்வு வேறு சிலருக்கு நல்ல வாய்ப்பாகிவிட்டது. லயங்களில் வீட்டு வேலைக்குப் பிள்ளை பிடிக்கும் தரகர்கள் மழைக்குப் பிறகு அட்டை வருவதுபோல வந்துவிடுவார்கள். பள்ளிக்கூடம் நடக்கும்வரை, "படிக்குதுங்க" என்று சொல்லித் தாய் தகப்பன் சமாளிப்பார்கள். அது நின்றுவிட்டால் சொல்ல ஒன்றும் இல்லை.

ஐந்தாம் வகுப்பில் செல்வராணி என்றொரு பிள்ளை இருந்தாள். மெலிந்த உடம்பு, கூர்மையான வாய். எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருப்பாள், சில வேளை கேள்விக்கு முன்பே சொல்லிவிடுவாள். அந்த வருடப் புலமைப்பரிசில் பரீட்சையில் அவள் சித்தியடைந்தால், கண்டியில் விடுதியோடு கூடிய ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்கும். எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து அதுவரை யாரும் அப்படிப் போனதில்லை. அவள் தகப்பன் ஞானமுத்து எங்கள் சபைக்காரர், தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். தரகர் அவர் வீட்டுக்கு இரண்டு தடவை வந்துபோய்விட்டார் என்று கேள்விப்பட்டேன்.

போதகருக்கும் அது தெரிந்திருந்தது. அவர் கதவில் இருந்த பிரசுரத்தை மறுபடி படித்தார். "பள்ளிக்கூடத்தைத்தான் மூடச் சொல்லியிருக்காங்க. ஆராதனையை நிப்பாட்டச் சொல்லலை" என்றார். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து வாரநாள் காலை ஆராதனை என்று அறிவித்தார்.

பெயருக்கு ஆராதனை, உள்ளே பள்ளிக்கூடம் என்று நான் நினைத்துச் சந்தோஷப்பட்டேன். அவர் அப்படி நினைக்கவில்லை. வாங்குகள் பலிபீடத்தைப் பார்த்தபடியே இருந்தன. கரும்பலகையை ஒரு துணியால் மூடினார். முழு ஆராதனை முறையும் நடந்தது, பாவ அறிக்கை, மன்னிப்பு, பாட்டு, வேதபாடம் என்று ஒன்றும் குறையவில்லை. வேதபாடத்திலிருந்து எது வருகிறதோ அதைத்தான் சொல்லிக்கொடுக்கலாம் என்றார். "அப்ப கணக்கு?" என்று கேட்டேன். "வேதத்துல இல்லாத கணக்கா டீச்சர்?" என்றார்.

நான் நம்பவில்லை, ஆனால் நடந்தது. பவுல் கப்பலேறிய இடங்களெல்லாம் பூமிசாத்திரம் ஆயின. குஷ்டரோகிகளின் கதையில் சுகாதாரம் வந்தது. ஒரு சங்கீதத்தை மனப்பாடம் செய்து, பிறகு அதைப் பார்க்காமல் எழுதுவது சொல்வதெழுதுதல். கணக்குக்கு நான் பாட்டுப் பலகையைப் பிடித்துக்கொண்டேன். அன்றைக்குப் பாடப்போகிற பாட்டுகளின் இலக்கங்களைச் சபை பார்ப்பதற்காகப் பலிபீடத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும் மரப்பலகை அது. தகட்டில் எழுதிய இலக்கங்களைக் கழற்றி மாட்டலாம். கரும்பலகையைத்தான் மூடினார், இதை மூடவில்லையே என்று வாதாடி அனுமதி வாங்கினேன்.

இப்படிச் சில வாரங்கள் ஓடின. தரகரை ஞானமுத்து திருப்பி அனுப்பிவிட்டதாகக் கேள்விப்பட்டோம்.

பிரசுரம் ஒட்டிய கூட்டத்தின் இளைஞர்கள் இரண்டு பேர் வந்த காலை, நாங்கள் சீடர்கள் வலையை இழுத்த கதையில் இருந்தோம். வலையில் நூற்று ஐம்பத்து மூன்று மீன், படகில் ஏழு பேர். ஆளுக்கு எத்தனை மீன்? செல்வராணி எழுந்து வந்து தகடுகளை மாட்டினாள். 153, அதற்குக் கீழே 7, அதற்குக் கீழே 21, கடைசியில் மீதி 6. அவள் திரும்பி வாங்கில் உட்காரவும் கதவு இருட்டவும் சரியாக இருந்தது.

ஒருவன் வாசலிலேயே நின்றான். மற்றவன் உள்ளே வந்தான். இருபது வயதுகூட இருக்காது, பல்கலைக்கழகப் பிள்ளையின் முகம். அவன் கையில் ஒன்றும் இல்லை, வாசலில் நின்றவனின் சாரத்துக்குள் துவக்கு இருந்தது. இது பள்ளிக்கூடமா என்று சிங்களத்தில் கேட்டான். ஆராதனை என்று போதகர் சிங்களத்திலேயே சொன்னார். அது உண்மைதான். அவன் சுற்றிப் பார்த்தான். வாங்குகள் பலிபீடத்தைப் பார்த்திருந்தன, மெழுகுவர்த்தி எரிந்தது, பிள்ளைகளின் மடியில் பாட்டுப் புத்தகங்கள் இருந்தன. அவன் திரும்பிப் போகவே காலெடுத்தான். அப்போதுதான் பாட்டுப் பலகை அவன் கண்ணில் பட்டது.

அது என்ன இலக்கம் என்று என்னைக் கேட்டான்.

"இன்றைக்குப் பாடப்போகிற பாட்டுகள்" என்றேன். எனக்கு வந்த சிங்களத்தில் மிகத் தெளிவாகச் சொன்னேன். அவன் தலையாட்டினான்.

"டீச்சர் சொல்வது சரியல்ல" என்றார் போதகர். "அது வகுத்தல் கணக்கு. இது ஆராதனை, ஆனால் இதில் பிள்ளைகளுக்குக் கணக்கும் சொல்லிக்கொடுக்கிறோம்."

எனக்குப் பயம் வந்தது. அதைவிடக் கோபம் வந்தது. துவக்கோடு வந்தவன் நம்பிக்கொண்டு போகிறான், நம் ஆளே கூப்பிட்டுச் சொல்கிறார் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது?

அவன் பலகைக்குக் கிட்டப் போய்க் கணக்கைச் சரிபார்த்தான், மெய்யாகவே சரிபார்த்தான். பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பி, மீதி ஆறு மீனும் யாருக்கு என்று கேட்டான்.  செல்வராணி மட்டும் எழுந்து, போதகர் சொல்லிக்கொடுத்த சுத்தமான சிங்களத்தில், "வலை இழுத்துக் களைத்தவர்களுக்கு" என்றாள்.

அவன் சிரித்துவிட்டான். வாசலில் நின்றவனும் சிரித்தான். சிரித்த முகத்தோடேயே போதகரிடம், நாளையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மட்டும், நீங்கள் உண்மையைச் சொன்னதால் இதோடு விடுகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனான். அந்த உண்மைதான் எங்கள் உயிரைக் காப்பாற்றியது என்று சபையில் பலர் பிறகு சொன்னார்கள். இருக்கலாம். பொய்யைக் கண்டுபிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் என் பொய்யை அவன் நம்பிவிட்டான் என்பதும் எனக்குத் தெரியும்.

பிள்ளைகள் போனதும் போதகரோடு சண்டை பிடித்தேன். "உங்க நாக்கு சுத்தமா இருக்கணும்னு இந்தப் பிள்ளைகளோட படிப்பப் பலி குடுத்துட்டீங்களே ஐயா" என்றேன். அவர் மெழுகுவர்த்தியை அணைத்தார். பாட்டுப் பலகையிலிருந்த தகடுகளைத் தாமே கழற்றிப் பெட்டியில் போட்டார்.

அந்த வாரமே தரகர் செல்வராணியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

செய்தி கேட்ட அன்று போதகர் லயத்துக்கு இறங்கினார், நானும் போனேன். ஞானமுத்து எங்களைக் கண்டதும் எழுந்து நின்று தலையைச் சொறிந்தார். பிள்ளை அம்பிட்டியவில் ஒரு தமிழ் வீட்டில் இருக்கிறாள், நல்ல இடம், நேரத்துக்குச் சாப்பாடு என்றார். பரீட்சைவரை அவளைத் தம் வீட்டில் வைத்துப் போதகரம்மாவும் டீச்சரும் படிப்பிப்பார்கள், போய்த் திருப்பிக் கூட்டிவாருங்கள் என்று போதகர் கேட்டார்.

"நான் அனுப்புறேன்னு வார்த்தை குடுத்துட்டேனுங்களே ஐயா. குடுத்த வார்த்தைய மீற வேணாம்னு நீங்கதானே கோயில்ல சொல்றீங்க. நான் எந்த மொகத்தோட போயி கேக்குறது? நீங்க போயி கூட்டியாந்தீங்கன்னா வேணாங்க மாட்டேன்" என்றார் ஞானமுத்து.

போதகர் அதைக் கேட்டு நின்ற நிலையை நான் மறக்கவில்லை. அவருடைய பிரசங்கத்தையே எடுத்து அவர் வழியில் போட்டுவிட்டார் அந்த மனிதர். அதில் கள்ளம் ஒன்றும் இல்லை, மெய்யாகவே நம்பித்தான் சொன்னார்.

மறுநாள் நாங்கள் இருவரும் அம்பிட்டியவுக்குப் போனோம். டவுனில் பாதிக் கடைகள் மூடியிருந்தன, பஸ் வருமா என்பதே சந்தேகமாக இருந்தது. ஒரு மேட்டில், குரோட்டன் வேலியோடு வசதியான வீடு. கதவைத் திறந்த அம்மாவுக்கு யாழ்ப்பாணம், நெற்றியில் திருநீறு, கணவர் பெரிய உத்தியோகத்தர் என்று சுவரில் இருந்த படங்களே சொல்லின. எங்களைக் கதிரையில் இருக்கச் சொன்னார். பிள்ளையைக் கூட்டிப்போக வந்தோம் என்றதும் அவருடைய முகம் இறுகியது.

"கொண்டந்து விட்ட ஆள், தகப்பன் வந்து கேட்டால் மட்டும் குடுங்கோ எண்டு சொன்னவர்" என்றார். "இப்ப இருக்கிற காலம் உங்களுக்கும் தெரியும்தானே. நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு ஏதும் நடந்தால் ஆர் பதில் சொல்லுறது? முன்பின் தெரியாத ஆக்களோட ஒரு பொம்பிளைப் பிள்ளையை நான் விடமாட்டன்."

அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அந்த இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். கெட்டவளாக இருந்திருந்தால் சண்டை பிடித்திருக்கலாம். நான் என்ன சொல்லிச் சமாளிக்கலாம் என்று தேடிக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மா போதகரை மேலும் கீழும் பார்த்தார். "நீங்கள் ஆர்? தகப்பனோ?"

போதகர் வழக்கம்போல யோசித்தார். கேள்வியை வாய்க்குள் சொல்லிப் பார்ப்பது உதட்டில் தெரிந்தது. போச்சு, இந்த மனிதர் இல்லை என்று சொல்லத்தான் போகிறார் என்று நான் கதிரையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆமாங்க" என்றார். "நான்தான் தகப்பன்."

அந்த அம்மா உள்ளே திரும்பிக் கூப்பிட்டார். செல்வராணி சமையலறையிலிருந்து ஈரக் கையைப் பாவாடையில் துடைத்தபடி வந்தாள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. எங்களைக் கண்டு நின்றுவிட்டாள்.

"பிள்ளை, இது ஆர்? உன்ரை அப்பாவோ?"

அவள் போதகரைப் பார்த்தாள். வலை இழுத்தவர்களுக்கு என்று துவக்கோடு வந்தவனுக்குச் சொன்ன அதே முகம்தான். "ஆமாங்கம்மா, எங்கப்பாதான்" என்றாள். அதோடு நிற்கவில்லை. அவர் கையைப் பிடித்து, "போவமாப்பா?" என்றாள்.

அந்த அம்மா அவளுக்கு ஒரு பொட்டலத்தில் பலகாரமும் ஒரு பழைய சட்டையும் கொடுத்து, தலையைத் தடவி அனுப்பினார். வெளியே வந்ததும் எனக்கு ரோட்டில் துள்ள வேண்டும் போலிருந்தது. டவுனில் பஸ்ஸுக்கு நின்றபோது, "ஐயா, உங்களுக்கு ஒரே நாளில் இவ்வளவு பெரிய மகள் கிடைச்சிருக்கா, எங்களுக்கு மிட்டாய் இல்லையா?" என்று கேலி செய்தேன். செல்வராணி சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

"நான் சொன்னது போகட்டும் டீச்சர். பிள்ளையையும் சொல்ல வச்சிட்டேனே" என்றார்.

அவள் சொல்லாவிட்டால் நீங்கள் சொன்னதும் வீண்தானே என்றேன். அது உண்மை, ஆனால் அவருக்கு அது ஆறுதலாகவில்லை. பிள்ளையின் பொட்டலத்தைத் தாமே தூக்கிக்கொண்டு மலையேறினார். அவர் மேல் வைத்திருந்த கோபம் அந்த ஏற்றத்தில்தான் எனக்குக் குறைந்தது. அவருக்காக மனம் நொந்ததும் அன்றைக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. எங்கள் முறையில் ஆராதனையின் தொடக்கத்தில் போதகர் சபைக்கு முதுகு காட்டி, பலிபீடத்தைப் பார்த்து நின்று, எல்லோரோடும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்வார். முடிந்ததும் சபையின் பக்கம் திரும்பி, கையை உயர்த்தி, மன்னிப்பை அறிவிப்பார். அன்று அறிக்கையின் முடிவில் அவர் ஒரு வரி சேர்த்துக்கொண்டார். "இந்த வாரம் நான் ஒரு வீட்டில் பொய் சொன்னேன். ஒரு பிள்ளையையும் பொய் சொல்ல வைத்தேன்" என்றார். சத்தமாக இல்லை, ஆனால் எல்லோருக்கும் கேட்டது. ஆண்கள் பக்கத்தில் ஞானமுத்து தலையைக் குனிந்துகொண்டார்.

பிறகு அவர் திரும்பவில்லை.

நாங்கள் காத்திருந்தோம். தமக்குத் தாமே மன்னிப்பு அறிவிக்க அவரால் முடியவில்லை என்பது எனக்கு மெல்லத்தான் விளங்கியது. சபையில் வேறு போதகர் இல்லை. சபை மூப்பர் என்னைப் பார்த்தார், நான் மூப்பரைப் பார்த்தேன். அவரவர் இடத்தில் அவரவர் நின்றோம். அந்த வெள்ளை அங்கியின் முதுகை மட்டும் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். இருமிக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

முன்வாங்கில், போதகரம்மாவின் பக்கத்தில் செல்வராணி நின்றாள். அத்தனை வாரங்கள் தினமும் ஆராதனை நடத்தியதில் அந்தப் பிள்ளைகளுக்குத் தங்கள் பங்கு மட்டுமல்ல, போதகரின் பங்கும் வரிக்கு வரி மனப்பாடமாகிவிட்டிருந்தது. அவள் முதலில் மெதுவாக, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "உங்கள் பாவங்களெல்லாம்" என்றாள். அவர் அசையவில்லை. அவள் ஒரு அடி முன்னால் வந்து, வகுப்பில் ஒப்புவிக்கிற குரலில், சபை முழுவதும் கேட்கச் சொன்னாள்.

"உங்கள் பாவங்களெல்லாம் உங்களுக்கு மன்னிக்கப்பட்டன."

அவர் தோள்கள் இறங்குவதை நான் கண்டேன். "ஆமென்" என்றார். பிறகு திரும்பி, முகத்தைத் துடைத்துக்கொண்டு, எங்களுக்குரிய மன்னிப்பை எங்களுக்குச் சொன்னார்.

பள்ளிக்கூடம் அந்த வருடக் கடைசியில் மறுபடி நடந்தது. செல்வராணி பரீட்சையில் சித்தியடைந்து கண்டிக்குப் படிக்கப் போனாள். அதெல்லாம் மலரில் வேறு இடத்தில் இருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நான் அவளைக் கோயில் படியில் பிடித்து, "ஏன்டி அப்படிச் சொன்னே?" என்று கேட்டேன்.

என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "ஐயாவுக்கு மறந்துபோச்சுங்க டீச்சர்" என்றாள். "யாரும் அடி எடுத்துக் குடுக்கல. அதான்."